எறும்புச் சிற்றின விளக்கமும் இனச்சுட்டும்: வெள்ளகோவில் கொறங்காட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அறிவியலுக்குப் புதிதான எறும்பு ஒன்று கண்டெடுக்கப்படுவதனால் மட்டும் சிற்றினமாக நிலைபெறுவதில்லை. அதனைப் பிறவற்றினின்று வேறுபடுத்தும் உரையும், அவ்வுரைக்குச் சான்றாகும் வகைமாதிரியும் சேர்ந்தே அதனை நிலைநிறுத்துகின்றன. அவ்வுரை வட்டார மொழியிலும் அமைதல் வேண்டும் என்பது பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் நெறிமுறையின் பரிந்துரையாகும். கொங்கு நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை முன்வைத்து, புதிய எறும்பை இனங்காணும் முறையையும், அதனைத் தமிழில் விளக்குவதற்கு இனச்சுட்டு என்னும் இலக்கணக் கோட்பாடு தரும் துணையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எறும்பு, சிற்றினம், வகைமாதிரி, வேறுபாட்டுரை, இனச்சுட்டு, கொறங்காடு, கலைச்சொல்.

முன்னுரை

தாவரங்களுக்குப் புதிய பெயர் சூட்டுவோர் அதற்குரிய விளக்கத்தை லத்தீன் மொழியில் எழுத வேண்டும் என்னும் கட்டாயம் 2011ஆம் ஆண்டு முடியும்வரை நடப்பில் இருந்தது. 2012 முதல் லத்தீனோ ஆங்கிலமோ போதும் என்றாயிற்று. விலங்கியலில் இத்தகைய மொழிக் கட்டாயம் இல்லை. சூட்டப்படும் பெயர் லத்தீன் எழுத்துகளில் அமைந்தாக வேண்டும். விளக்கம் எம்மொழியிலும் இருக்கலாம். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நடப்பிலுள்ள பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் நெறிமுறையின் நான்காம் பதிப்பு இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. வேறுபாட்டுரையை விலங்கியலார் உலகளவில் பயன்படுத்தும் மொழிகளில் வெளியிட வேண்டும் என்று கூறிவிட்டு, அவ்விலங்கு வாழும் பகுதியில் வழங்கும் மொழிகளிலும் அது தரப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை என்பதால் மீறினாலும் பெயர் செல்லும். ஆகவே பெரும்பாலும் மீறப்படுகிறது.

தமிழ்நாட்டில் வாழும் ஓர் எறும்பைப் பற்றிய வேறுபாட்டுரை தமிழிலும் அமைவதற்கு விதி தடையாக இல்லை. சொல் தடையாக இருக்கிறதா என்பதே தமிழ்த்துறை எழுப்ப வேண்டிய வினா. அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பாடநூல், களஞ்சியம், இதழியல் கட்டுரை ஆகியவற்றையே மிகுதியும் எடுத்துக்கொண்டன. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் அவ்வகையில் ஈடற்ற பணி. எனினும் களஞ்சிய உரை, அறியாதவருக்கு ஒன்றை அறிவிக்கும் உரை. சிற்றின வேறுபாட்டுரையோ, எறும்பை நன்கறிந்த ஒருவர் கையிலுள்ள மாதிரியை வேறொன்றோடு மயங்காதபடி தடுக்கும் உரை. இரண்டும் ஒருவகை உரைநடையன்று.

கொறங்காடும் எறும்பும்

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தைச் சேர்ந்த வெள்ளகோவில், கொங்குச் சமவெளியின் மழை குறைந்த பகுதியில் அமைந்த ஊர். வெளியுலகுக்கு முருங்கைக்காய்ச் சந்தையாலும் விசைத்தறியாலும் எண்ணெய் ஆலைகளாலும் தெரிய வந்த ஊர் இது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் எனத் தொடரும் இந்நிலப்பரப்பில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் மேய்ச்சல் நிலம் கொறங்காடு எனப்படுகிறது. கிளுவை வேலியால் சூழப்பட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல் முதலிய புற்கள் படர்ந்து, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் நிலம் அது. காங்கேயம் மாடுகளும் செம்மறியாடுகளும் அதில் முறைவைத்து மேய்க்கப்படுகின்றன.

எறும்பை நாடுவோருக்கு இவ்வமைப்பு பல வாழிடங்களை ஒரே வேலிக்குள் வைத்திருக்கிறது. சரளை மண்ணில் வளை தோண்டுவன, கல்லடியில் ஒதுங்குவன, புல்விதை பொறுக்குவன, வெள்வேலின் பட்டுப்போன கிளைப்பொந்தில் கூடு வைப்பன, கிளுவை வேரடி நிழலில் திரிவன என ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். விதை சேர்க்கும் எறும்புகளின் வளைவாயைச் சுற்றி உமி வளையமாகக் கிடப்பதைக் கோடையில் எந்தக் காட்டுத்தடத்திலும் காணலாம். புல்விதையைச் சேமிக்கும் இந்திய எறும்பைப் பற்றி 1835ஆம் ஆண்டிலேயே கர்னல் சைக்ஸ் புனேயிலிருந்து எழுதியிருக்கிறார்.

அண்மைக் காலத்தில் இந்தியாவில் புதியனவாக விவரிக்கப்பட்டுப் பேசப்பட்ட எறும்புகள் பெரும்பாலும் மலைக்காடுகளைச் சேர்ந்தவை. 2017இல் பொன்முடி மலையிலிருந்து டைரனோமிர்மெக்ஸ் அலீ, 2021இல் பெரியாறு புலிகள் காப்பகத்திலிருந்து ஊசரேயா ஜோஷீ, 2024இல் அருணாச்சலப் பிரதேசத்துச் சியாங் பள்ளத்தாக்கிலிருந்து பாராபாராட்ரெக்கினா நீலா என்பன சில. மழைக்காட்டில் வகை மிகுதி என்பது உண்மையே. ஆனால் தேடிய இடத்தில்தான் கிடைக்கும் என்பதும் உண்மை. 2006இல் திரேசியம்மா வர்கீஸ் விவரித்த டைலோபோகாண்டைலா பெங்களூரிகா என்னும் எறும்பு, பெயரே காட்டுவதுபோல, பெங்களூருக்கு உரியது. மக்கள் நெருக்கமான நிலமும் புதியன தரும் என்பதற்கு அது போதுமான சான்று. கொறங்காடுகள் மனைப்பிரிவுகளாக மாறிவரும் இக்காலத்தில், அங்குள்ள எறும்புகளுக்குப் பெயரிடும் பணி காத்திருக்கக் கூடியதன்று.

முதல் உரைகளும் தொலைந்த மாதிரிகளும்

தென்னிந்திய எறும்புகள் ஐரோப்பிய வகைப்பாட்டுக்குள் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில். தரங்கம்பாடியிலிருந்த டேனியக் குடியிருப்பின்வழித் தமிழகக் கடற்கரைப் பூச்சிகள் பல, டேனிய அறிஞர் ஃபெப்ரீசியஸின் பார்வைக்குச் சென்றன. முயிறு எனத் தமிழ் வழங்கும், இலை தைத்துக் கூடுகட்டும் எறும்புக்கு 1775இல் அவர் இட்ட ஸ்மராக்டினா என்னும் சிற்றினப் பெயர் இன்றும் நிற்கிறது. நற்றிணை 180ஆம் பாடல் காட்டும் முயிற்றுக் கூடும் இவ்வெறும்பினதே என்று கொள்வதில் தடையில்லை. நம் வீடுகளில் கட்டெறும்பு எனப்படும் கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸும் அவர் 1787இல் பெயரிட்டதே.

தென்னிந்திய எறும்புகளுக்கென்றே தனிப்பட்டியல் வகுத்த முதல்வர் சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன். பறவையியலில் பெரும்புகழ் பெற்ற அவர், சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் 1851இல் அப்பட்டியலை வெளியிட்டார். தாவிப் பாயும் ஹார்பெக்நாதஸ் சால்டேட்டர், அணிவகுத்துச் செல்லும் லெப்டோஜெனிஸ் புரொசெஷனாலிஸ், மரப்பொந்தில் வாழும் டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா ஆகியவை அவர் தந்தவை. பின்னர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆகஸ்ட் ஃபாரெல் 1892 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இந்திய, இலங்கை எறும்புகளைத் தொடராக விவரித்தார். 1903இல் பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் பிங்காம் எழுதிய நூல், ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஆய்வாளர் மேசையில் கிடக்கிறது. பார்ட்டி, கெனார் முதலியோர் 2016இல் வெளியிட்ட பட்டியலின்படி இந்தியாவில் ஏற்கப்பட்ட எறும்புச் சிற்றினங்களும் துணைச் சிற்றினங்களும் 828, பேரினங்கள் 100.

இவ்வரலாற்றில் ஜெர்டனின் இடம் தனிச் சிக்கல் உடையது. அவருடைய உரைகள் சிலவே வரிகளில் நிறத்தையும் அளவையும் வாழிடத்தையும் சொல்லி முடிபவை. அவர் கையாண்ட மாதிரிகளைத் தொலைந்தவையாகவே வகைப்பாட்டியலார் கொள்கின்றனர். அதாவது பெயர் இருக்கிறது. பெயருக்குரிய உடல் இல்லை. மூலஏடு அழிந்து மேற்கோள் மட்டும் எஞ்சிய நூலைப் பதிப்பிப்போர் படும் பாட்டுக்கு இது இணையானது. சால்டேட்டர் நீண்ட தாடையும் பெரிய கண்ணும் கொண்டு தாவுவது. அதனை வேறொன்றாக எவரும் கருத வழியில்லை. ரூஃபோநைக்ராவின் செம்மை, கருமைப் பகுப்பும் அவ்வாறே. அவ்வெறும்பை ஜெர்டன் அமெரிக்கப் படையெறும்புப் பேரினமான எசிட்டானில் வைத்திருந்தார். இடம் தவறினாலும் உருவம் தவறாததால், 150 ஆண்டு கழித்து 2001இல் ஃபிலிப் வார்டு அப்பேரினத்தைத் திருத்தி ஆராய்ந்தபோதும் அப்பெயர் நிலைத்தது. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு எறும்பு ஒன்றைச் சில வரிகளில் விவரித்து மாதிரியையும் இழந்தால், அப்பெயர் பத்துச் சிற்றினங்களுக்குப் பொருந்தும். வறண்ட நிலத்தில் மிகுதியாக வாழும் மோனோமோரியம், டெட்ராமோரியம், ஃபைடோலே, கார்டியோகாண்டைலா ஆகிய பேரினத்து எறும்புகள் பெரும்பாலும் இத்தகையவே. எனவே கொறங்காட்டில் ஒன்றைப் புதிது என்று சொல்ல முனைபவர் முதலில் தீர்க்க வேண்டியது எதிரிலுள்ள எறும்பின் வழக்கையன்று, 1851ஆம் ஆண்டு ஏட்டின் வழக்கை.

புதிது என்பதன் மூன்று பொருள்

புதிய எறும்பு என்னும் தொடர் செய்தித்தாள்களில் மூன்று வேறு நிலைகளுக்கு ஒருசேர வழங்குகிறது. அறிவியலுக்குப் புதிது என்பது ஒன்று. வேறிடத்தில் அறியப்பட்டு, ஒரு வட்டாரத்தில் முதன்முறை பதிவாவது மற்றொன்று. வெளியிலிருந்து வந்தேறியது மூன்றாவது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் பெருகி மக்களையும் ஆடுமாடுகளையும் அலைக்கழித்த மஞ்சள் எறும்பு, அவ்வூரார் அறியாதது. ஆனால் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்னும் அவ்வெறும்பு 1857இலேயே ஃபிரடெரிக் ஸ்மித்தால் விவரிக்கப்பட்டு, வெப்பமண்டலம் எங்கும் பரவியதாக அறியப்பட்டது. சுருக்கெனக் கொட்டும் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா நம் தோட்டங்களில் நிலைத்துவிட்டாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஊராருக்குப் பழகியது அயலதாகவும், ஊரார் கண்டிராதது உலகறிந்ததாகவும் இருக்கக் கூடும்.

எறும்பை இனங்காணும் நடைமுறை மெல்ல நடப்பது. மண்ணில் குழிப்பொறி பதித்தல், சருகைச் சலித்து உலர்த்தல், மரக்கிளையைத் தட்டித் துணியில் ஏந்துதல், கையால் பொறுக்குதல் என வாழிடத்துக்கு ஏற்ற முறைகளால் திரட்டிய எறும்புகள் எத்தில் ஆல்ககாலில் இடப்படும். ஆய்வுக்குரியதை முக்கோணத் தாள்துண்டின் நுனியில், கால்களின் அடிப்பகுதி ஒட்டுமாறு பசையிட்டு, தாளை ஊசியில் கோத்து நிறுத்துவர். அதன் கீழ் ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நாள், திரட்டியவர் ஆகிய குறிப்புகள் இடம்பெறும். குறிப்புச்சீட்டு இல்லாத எறும்பு ஆய்வுக்கு உதவாது.

அடுத்து நுண்ணோக்கியின் கீழ்த் துணைக்குடும்பம் காணப்படும். உடலின் நடுப்பகுதிக்கும் பின்வயிற்றுக்கும் இடையிலுள்ள இடைக்கணு ஒன்றா இரண்டா, பின்வயிற்று நுனியில் கொடுக்கு உண்டா, அன்றி அமிலம் பீய்ச்சும் வட்டத்துளை உண்டா என்பவை முதல் வினாக்கள். இவ்விடத்தில் மக்கள் வழக்குக்கும் வகைப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி தெளிவாகும். பெரியதாய்க் கறுப்பாய் இருப்பன பலவும் வழக்கில் கட்டெறும்பே. அவற்றுள் கேம்போனோட்டஸுக்குக் கொடுக்கு இல்லை. கடித்து அமிலம் இடும். டயகாமாவோ கொடுக்கால் கொட்டும். இரண்டும் வெவ்வேறு துணைக்குடும்பத்தவை. அளவு, நிறம், வலி ஆகியவற்றைக் கொண்டு பகுக்கும் மக்கள் வழக்கு தன் தேவைக்கு முற்றும் போதுமானது. அதனை அறியாமை என்பது பிழை. ஆயின் சிற்றினப் பெயருக்கு அதனை நேர்ப்பெயராக்க இயலாது.

பின்னர் உணர்கொம்பின் கணுக்கள், தாடைப் பற்கள், முதுகு முட்கள், மேற்பரப்பின் அமைப்பு ஆகியவை எண்ணி நோக்கப்படும். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவது தலைச்சுட்டெண். தலை நீளம் 0.60 மி.மீ., அகலம் 0.54 மி.மீ. எனின் சுட்டெண் 90. ஒரே கூட்டின் எறும்புகளுக்குள் இவ்வெண் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியாமல் இரு கூடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பேசுதல் ஆகாது. ஃபைடோலேயில் ஒரு தாய் ஈன்ற வேலைக்காரிகளுள் சில பெருந்தலையும் சில சிறுதலையும் உடையன. தனித்தனியே பிடித்தவர் அவற்றை இரு சிற்றினமாகக் கொள்ள வாய்ப்புண்டு. அண்மைக் காலத்தில் மரபணு ஒப்பீடும் துணையாகிறது. அது ஐயத்தை எழுப்பவும் உறுதிசெய்யவும் உதவும். வகைமாதிரி தொலைந்த பழம்பெயரை அதனால் மீட்க இயலாது.

இவை அனைத்துக்கும் பின், அப்பேரினத்தில் அறியப்பட்ட சிற்றினங்கள் ஒவ்வொன்றோடும், இயன்றவரை அவற்றின் வகைமாதிரிகளோடும் ஒப்பிட்டு, எதனோடும் ஒவ்வாதபோதே புதிது என்னும் முடிவு பிறக்கிறது. ஒரு மாதிரி தலைமாதிரியாக நிறுத்தப்படும். உடன் திரட்டியவை துணைமாதிரிகளாகும். 1999க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் வகைமாதிரி வெளிப்படையாகச் சுட்டப்பட வேண்டும் என்பது கட்டாய விதி.

இனச்சுட்டும் வேறுபாட்டுரையும்

1930க்குப் பின் வெளியான எப்பெயரும் செல்லுபடியாவதற்கு, அவ்விலங்கைப் பிறவற்றினின்று வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லால் தந்திருத்தல் வேண்டும் அல்லது அத்தகைய உரையைச் சுட்டியிருத்தல் வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆதலால் வகைப்பாட்டுக் கட்டுரையில் வேறுபாட்டுரை தனியே, விளக்கவுரை தனியே அமையும். முன்னது சில வரிகளில் பிரிப்பது. பின்னது தலைமுதல் பின்வயிறுவரை வண்ணிப்பது. இப்பிரிவைத் தமிழ் மாணவருக்கு அறிமுகம் செய்யப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. பொருளோடு சேரும் அடை இனத்தைப் பிரிப்பதா, பிரிக்காததா என்னும் வினாவைக் கிளவியாக்கமே எழுப்பிவிட்டது. செந்தாமரை என்பதில் செம்மை வெண்டாமரையை விலக்குகிறது. செஞ்ஞாயிறு என்பதில் விலக்கப்படும் ஞாயிறு இல்லை. இனம் சுட்டாத பண்படை வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கு உரியது என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலார் இருவகை அடையும் இரண்டிடத்தும் வரும் எனத் தளர்த்தினார். மொழிநடப்புக்கு நன்னூலார் கூற்றே பொருந்தும். வேறுபாட்டுரைக்கோ தொல்காப்பியரின் கண்டிப்பே வேண்டும்.

ஆறு கால்களை உடைய எறும்பு என்பது செஞ்ஞாயிறு போன்றது. புறநானூறு 173ஆம் பாடல், மழைக்கு முன் மேட்டுநிலம் நோக்கிச் செல்லும் எறும்பின் வரிசையைச் சோற்றுத்திரள் ஏந்திய சிறுவர் வரிசைக்கு உவமையாக்குகிறது. அங்கு எறும்புக்கு வரும் அடைகள் எறும்பினத்தைப் பகுக்க வந்தவையல்ல. காட்சியைக் கண்முன் நிறுத்த வந்தவை. செய்யுளில் அவை அழகு. வேறுபாட்டுரையில் அத்தகைய அடை வீண்சொல் மட்டுமன்று, படிப்பவரை வழிதவறச் செய்வதும் ஆகும். சொல்லப்பட்டதனால் அப்பண்பு பிறவற்றுக்கு இல்லை என அவர் கொள்வார்.

இனம் எது என்பது ஒப்பீட்டுத் தொகுதியைப் பொறுத்து மாறும் என்பதும் இங்குக் கருதத்தக்கது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டு 2021இல் செய்தியான ஊசரேயாச் சிற்றினங்கள் இரண்டும் பத்துக் கணுக்களுடைய உணர்கொம்பு கொண்டவை. அப்பேரினத்தில் ஒன்பது கணுவும் பதினொரு கணுவும் இருந்த இடத்தில் பத்து என்பது வலிமையான இனச்சுட்டு. பிற பேரினங்களோடு ஒப்பிட்டால் அவ்வெண்ணுக்கு அவ்வலிமை இல்லை. எனவே எதனுள் எதனைப் பிரிக்கிறோம் என்பதை முதலில் சொல்லாத வேறுபாட்டுரை முழுமையற்றது.

வெள்வேல மரத்தில் காணக்கூடிய டெட்ராபொனேரா ரூஃபோநைக்ராவுக்குத் தமிழில் வேறுபாட்டுரை எழுதினால் பின்வருமாறு அமையலாம்.

தென்னிந்திய டெட்ராபொனேராக்களுள்: வேலைக்காரியின் உடல்நீளம் 10 மி.மீ. அளவும் அதற்கு மேலும். நடுவுடலும் இடைக்கணுக்களும் செம்மை, தலையும் பின்வயிறும் கருமை. உச்சந்தலையில் தனிக்கண் மூன்று. உடல் முழுதும் கறுத்த டெ. நைக்ராவினின்று நடுவுடல் நிறத்தால் வேறுபடும்.

இவ்வுரையில் பெரிய கூட்டுக்கண், இரண்டு இடைக்கணு, கொடுக்கு ஆகியவை இடம்பெறவில்லை. அவை பேரினம் முழுமைக்கும் உரியவை. அவற்றுக்கு இடம் விளக்கவுரையே. கொட்டினால் கடுமையாக வலிக்கும் என்பதும் உண்மையே; ஊசியில் கோத்த மாதிரியில் அதனைச் சோதிக்க வழியில்லாததால் அதுவும் விலக்கப்பட்டது.

கலைச்சொல் தேர்வு

பள்ளிப் பாடநூல்கள் பேரினம், சிற்றினம், உணர்கொம்பு, கூட்டுக்கண் ஆகியவற்றை நிலைபெறச் செய்துவிட்டன. அவற்றை மாற்றுவது வீண்வேலை. இடர் தருவன வேறு சில. பூச்சியின் உடலைத் தலை, மார்பு, வயிறு எனப் பகுப்பது வழக்கம். எறும்பில் வயிற்றின் முதற்கண்டம் மார்போடு ஒன்றிவிட்டது. இரண்டாம் கண்டம், சில துணைக்குடும்பங்களில் மூன்றாவதும், இடைக்கணுவாகச் சுருங்கிவிட்டன. ஆகவே கண்ணுக்கு மார்பாகத் தெரிவது மார்பு மட்டுமன்று. வயிறாகத் தெரிவது வயிறு முழுமையும் அன்று. நடுவுடல், இடைக்கணு, பின்வயிறு என்னும் சொற்கள் இக்கட்டுரையில் ஆளப்பட்டமைக்குக் காரணம் இதுவே. மார்பு எனச் சொல்லிக் குறிப்பில் திருத்துவதைவிட முதலிலேயே வேறு சொல் ஆள்வது நன்று.

முட்டை என்னும் சொல்லும் எச்சரிக்கைக்கு உரியது. எறும்புகள் வாயில் கவ்விச் செல்லும் வெண்ணிறப் பொருள்களை எறும்பு முட்டை என்பது சங்கப்பாடல் முதல் இன்றுவரை வழக்கு. கண்ணுக்கு எளிதில் புலப்படும் அவற்றுள் பெரும்பான்மை புழுக்களும் கூட்டுப்புழுக்களும் ஆகும். உண்மை முட்டை மிக நுண்ணியது. வழக்கைத் திருத்த வேண்டியதில்லை, விளக்கவுரையில் பிரித்து எழுத வேண்டும். சிதலும் எறும்பும் மூவறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் ஒருங்கே வைத்ததும் இத்தகையது. அது புலனறிவின் எண்ணிக்கை பற்றிய பகுப்பு. இன்றைய வகைப்பாடு சிதலைக் கரப்பானோடும் எறும்பைக் குளவி, தேனீயோடும் சேர்க்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதற்குப் பெருமையோ சிறுமையோ தேடுதல் இரண்டுக்கும் நேர்மையாகாது.

சமூகப் பூச்சிகளின் பணிப்பிரிவைக் குறிக்கச் சாதி என்னும் சொல் சில நூல்களில் ஆளப்பட்டுள்ளது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை வளர்ப்பினாலும் வேறு காரணங்களாலும் அரசியாகவும் வேலைக்காரியாகவும் வேறுபடுவதை அச்சொல் தவறாகவே உணர்த்தும். பணிவகை என்பது போதும். வேலைக்காரிகள் யாவும் பெண்ணே என்பதால் பெண்பால் ஈறு பொருள் நோக்கிப் பொருந்துகிறது.

தமிழின் வளம் மிகத் தெளிவாக வெளிப்படுவது மேற்பரப்பு வண்ணனையில். எறும்பின் தலையும் நடுவுடலும் வழவழப்பாகவோ, நுண்புள்ளி இட்டனவாகவோ, வலைபோல் கண்ணிகள் பின்னியனவாகவோ, இணைகோடுகள் ஓடியனவாகவோ இருக்கும். சிற்றினங்களைப் பிரிப்பதில் இவை பெரும்பங்கு ஆற்றுகின்றன. இணையாக ஓடும் பள்ளக்கோட்டுக்குச் சால் என்னும் உழவுச்சொல் பொருந்தும். நெருங்கிய மெல்லிய கோட்டை வரி என்றும், ஆழ்ந்ததைச் சால் என்றும் வேறுபடுத்தலாம். கண்ணி, இழை ஆகிய தறிச்சொற்கள் வலைப்பின்னல் பரப்புக்கு உதவும். மயிரில் நிமிர்மயிர், படிமயிர் என இரண்டு போதும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது மட்டும் கடைப்பிடிக்கப்பட வேண்டும். செய்யுள் நடையில் பயின்ற கைக்கு ஒரே சொல்லை ஏழுமுறை எழுதுவது கூசும்; இங்கு அது கடமை.

பெயரும் சீட்டும்

சிற்றினப் பெயர் எம்மொழிச் சொல்லிலிருந்தும் வரலாம். சியாங் எறும்புக்கு இட்ட நீலா என்னும் பெயர் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான நிறப்பெயர். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அவ்வெறும்பின் உடலொளியைக் குறிப்பது. கொறங்காடு, கிளுவை போன்ற சொற்களும் லத்தீன் எழுத்தில் அவ்வாறே பெயராகத் தடையில்லை. நிலத்தின் பெயரோ மரத்தின் பெயரோ வைக்கும்போது, அவ்வெறும்பு அங்கு மட்டுமே வாழ்வது என்ற பொருள் அதனால் வாராது என்பதை உடன் எழுதுவது நல்லது. பெயர் அடையாளம், வேறுபாட்டுரை அன்று. ஊர்ப்பெயர் அடைகூட இனச்சுட்டாகிவிடாது.

தலைமாதிரி எங்கு வைக்கப்படும் என்பதையும் கட்டுரை சொல்லியாக வேண்டும். இந்திய விலங்கியல் கணக்காய்வகம் போன்ற நிலைத்த தொகுப்பே அதற்கு உரியது. பழைய தொகுப்புகளை நாடும்போது மாவட்டப் பெயர்களில் விழிப்பு வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பி. சூசை நாதன் திரட்டி அனுப்பிய தென்னிந்தியப் பூச்சிகள், கோயம்புத்தூர் என்னும் சீட்டோடு உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன. அத்தகைய சீட்டுகளில் அப்பெயர் நகரைக் குறிக்கிறதா மாவட்டத்தைக் குறிக்கிறதா என்பது ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டியது. வெள்ளகோவில் 1979வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர்ப் பெரியார் மாவட்டத்திலும், அது பெயர் மாறியபின் ஈரோடு மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இருந்துவருகிறது. ஊர்ப்பெயரே வெள்ளகோவில், வெள்ளக்கோவில், வெள்ளகோயில் எனப் பலவாறு எழுதப்படுகிறது. ஆதலின் தமிழ் வேறுபாட்டுரையோடு வரும் வகைமாதிரிச் சீட்டில் ஊர்ப்பெயர் தமிழ் எழுத்திலும், அதனடியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும், வேலி எனின் கிளுவை வேலி, மரம் எனின் வெள்வேல் என்னும் குறிப்பும் இடம்பெறுதல் வேண்டும்.